மணிச் சத்தம்

"மூணு வருஷமா இதே பட்டை. நீங்க ஒட்டறீங்க, அது பிச்சுக்குது. நீங்க வைக்கிறது ஈயமா, சோத்துப் பசையா?"

எஸ்டேட்காரர் துப்பாக்கியை மேஜையில் வைத்தார். பக்கத்தில் அவர் மனைவி நின்றிருந்தார்.

துப்பாக்கி ரிப்பேர்க்காரருக்கு முகம் சுருங்கிப்போனது. முப்பது வருஷத் தொழில். பழைய இரட்டைக்குழல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இவரிடம்தான் கொடுப்பார்கள். கொடுத்தார்கள் என்று சொல்ல வேண்டும். எஸ்டேட்காரர் வாய் சும்மா இருந்தால்தானே? 'அவர் ஒட்டினது நிக்கலை' என்ற பேச்சு பரவி, இந்த மாதம் மட்டும் இரண்டு பேர் துப்பாக்கியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"தட்டிப் பார்த்துடலாம் சார்."

குழல்களைத் தனியாகக் கழற்றிக் கொக்கியில் தொங்கவிட்டார். இரண்டு குழலையும் சேர்த்துப் பிடிப்பது நடுவில் ஓடும் அந்த நீளப் பட்டைதான். அது உறுதியாக இருக்கிறதா இல்லையா என்பதைச் சத்தமே சொல்லிவிடும்.

மரக்கட்டையால் தட்டினார். உடைந்த பானை மாதிரி டொக் என்றது.

"விட்டுப்போச்சுதான். நல்லா இருந்தா மணி மாதிரி கேக்கணும்."

மணி என்றதும் அந்த அம்மா சட்டென்று நிமிர்ந்தார்.

"மணி எங்க வீட்டு நாயோட பேரு. காணாமப் போய் மூணு வருஷம் ஆச்சு."

"வண்டியைக் குறுக்க நிறுத்திட்டேன். தள்ளி விட்டுட்டு வர்றேன்" என்று எஸ்டேட்காரர் வெளியே போனார்.

ரிப்பேர்க்காரர் பூதக்கண்ணாடியை எடுத்தார். ஈயம் தானாக விட்டால் ஓரத்தில் கீறல் விடும், உள்ளே துரு பிடிக்கும். இங்கே ஈயம் உருகி வழிந்து முத்து முத்தாக நின்றது. இரும்பு வட்டமாக நிறம் மாறியிருந்தது. அந்த வட்டத்தின் ஓரத்தில் பழுப்பாக என்னவோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார்.

கருகிய பால்.



"ஏம்மா, இதை அடுப்புல வச்சீங்களா?"

அந்த அம்மா மறுக்கவில்லை. "ஆமா. மூணு வருஷமும் நான்தான்."

"உங்களுக்கு நான் என்னம்மா கெடுதல் பண்ணினேன்? என் பேரு நாறிக் கிடக்கு. அவர் வரட்டும், சொல்லிடறேன்."

"சொல்லிடாதீங்க அண்ணா. அவருக்குக் கண்ணு சரியாத் தெரியலை. சொன்னா ஒத்துக்க மாட்டார். அன்னிக்கு ஒரு சாயங்காலம், வேலியோரமா புதர் அசைஞ்சுது. காட்டுப்பன்னின்னு சுட்டார். தப்பிச்சுடுச்சுன்னு சொல்லிட்டுக் குளிக்கப் போயிட்டார். நான் போய்ப் பார்த்தேன்."

அந்த அம்மா வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"புதருக்குள்ள மணி கிடந்தான்."

ரிப்பேர்க்காரர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"நானே குழி தோண்டிப் புதைச்சேன். எங்கயோ ஓடிப்போயிட்டான்னு சொல்லிட்டேன். குட்டியிலேருந்து அவர் மடியில வளர்ந்தவன் அண்ணா. தன் கையாலதான் போனான்னு தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சு போயிடுவார். இன்னிக்கும் சாயங்காலமானா வாசல்ல நின்னு 'மணி, மணி'ன்னு கூப்பிடறார். அந்தக் குரல் கேட்டாத்தான், அவருக்கு இன்னும் தெரியலைன்னு எனக்கு மூச்சே வரும்."

"துப்பாக்கியைத் தொடாதீங்கன்னு சொல்லக் கூடாதா?"

"ஏன்னு கேட்டா எதைச் சொல்ல? நாளைக்கு அந்தப் புதர்ல ஒரு குழந்தை நின்னா? அதான் அடுப்புல வச்சேன்."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்ன, கண்டுபிடிச்சீங்களா?" என்றபடி எஸ்டேட்காரர் உள்ளே வந்தார்.

ரிப்பேர்க்காரர் பால் கறையைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டார். முப்பது வருஷத்தில் யாரிடமும் சொல்லாத வார்த்தையைச் சொன்னார்.

"தப்பு என்னோடதுதான் சார். இந்தப் பட்டை இனிமே நிக்காது. சுவத்துல மாட்டி அழகு பாக்கலாம், சுட முடியாது."

"இதைச் சொல்ல மூணு வருஷமா?" என்று ஆரம்பித்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார் எஸ்டேட்காரர். அந்த அம்மா கண்ணாலேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியில் ஏறப் போனார்.

அவர் தலை மறைந்ததும் எஸ்டேட்காரரின் குரல் இறங்கிவிட்டது.

"மன்னிச்சிருங்க. அவ முன்னாடி கத்தப் போய் அது ஊரெல்லாம் பரவிடுச்சு. உங்க பேரை நானே சரி பண்ணிடறேன். அந்தப் பால் கறையை நானும் பார்த்தேன்."

சட்டைப் பையிலிருந்து மண் படிந்த தோல் பட்டை ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். நாயின் கழுத்துப் பட்டை. அதில் தொங்கிய சின்ன மணிக்குள், சத்தம் வராதபடி பஞ்சு அடைத்து வைத்திருந்தார்.

"அதே வருஷம் வேலியோரமா செடி வைக்கக் குழி தோண்டினப்ப கிடைச்சுது. நான் சுட்டது பன்னியை இல்லைன்னு புரிஞ்சுபோச்சு. அன்னிலேருந்து நான் ஒரு குண்டு சுடலை. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா."



"அப்புறம் ஏன் சார் வருஷா வருஷம் ஒட்டக் கொண்டு வந்தீங்க?"

"நானா சுடறதை நிறுத்தினா ஏன்னு யோசிப்பாளே. அதான் ஒட்டிக் கொண்டு போய், அவ கைக்கு எட்டற இடமாப் பார்த்து வைப்பேன்."

"தினமும் வாசல்ல நின்னு மணியைக் கூப்பிடறீங்களாமே?"

எஸ்டேட்காரர் கழுத்துப் பட்டையை எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அது மணிக்கு இல்லை. அவ காதுக்கு."