பைக்குள் இருந்த கை

கனகலிங்கம் இடது கையைக் காற்சட்டைப் பைக்குள்ளிருந்து எடுக்கவேயில்லை.

வலது கையால் மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து, கடையில் காட்சிக்கு வைத்திருந்த மரக்கடைசல் மெசினில் பூட்டிப் பார்த்தார். கொலட் சக். மெல்லிய தடியைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் இரும்பு வாய்.

"ஐயா, இது மூண்டாவது" என்றான் கடைக்காரன் பைறூஸ். "எல்லாம் ஒரே வேலைதான் செய்யும். என்ன கடையப் போறியள் எண்டு சொல்லுங்கோ, நான் எடுத்துத் தாறன்."

"அகப்பைக் காம்பு."

"அப்ப சின்னதே காணும்."

"சின்னது பெரிசு இல்லைத் தம்பி. இறுக்கேக்கை தண்டும் சேர்ந்து சுத்துது. பாருங்கோ."

ஸ்பனரைப் போட்டுத் திருகிக் காட்டினார். நட்டோடு சேர்ந்து மெசினின் தண்டும் சுற்றியது.

"சுத்தத்தான் செய்யும். அதுக்குத்தானே ரெண்டு ஸ்பனர் தந்திருக்கிறான். ஒரு கையாலை தண்டைப் பிடியுங்கோ, மற்றக் கையாலை..."

அப்போதுதான் பைறூஸ் அந்தக் காற்சட்டைப் பையைப் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான்.

போர் நடந்த இந்தப் பக்கத்தில் ஒருவர் கையைப் பைக்குள்ளேயே வைத்திருந்தால், ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

"குறை நினைக்காதேங்கோ ஐயா. நான் கவனிக்கேல்லை. குடிக்கப் பிளேன்ரீ ஒண்டு சொல்லட்டோ?"

கனகலிங்கம் அதைக் காதில் வாங்கவில்லை. கண் மெசினிலேயே இருந்தது.

"ஒரு கையாலை பூட்டுற மாதிரி வேறை ஒண்டும் இல்லையோ தம்பி?"

"அப்படி ஒண்டு நான் கண்டதில்லை. ஏன் இவ்வளவு அந்தரம்?"

"மெசின் ஒரு நிறுவனம் தந்தது. ஆரின்ரை உதவியும் இல்லாமல் தனிய வேலை செய்து காட்டவேணுமாம். திங்கக்கிழமை வந்து பார்ப்பினம். ஏலாட்டித் திருப்பி ஏத்திக்கொண்டு போயிடுவினம். அது போனால் வேறை ஒண்டுமில்லை."

பைறூஸ் மெசினைச் சுற்றி வந்தான். குனிந்து பார்த்தான். ஸ்பனரைத் தண்டில் கொழுவி அளந்தான்.

"ஒரு வேலை செய்வம். பின்னுக்கு வெல்டிங் இருக்கு. இந்த ஸ்பனருக்கு நீட்டா ஒரு கம்பி ஒட்டித்தாறன். தண்டிலை கொழுவிவிட்டால் கம்பி மெசினிலை முட்டிக்கொண்டு நிக்கும், தண்டு சுத்தாது. பிறகு நட்டைத் திருக ஒரு கை காணும்."

"மெய்யாவோ?"

"அரை மணித்தியாலம் பொறுங்கோ. வெல்டிங்குக்குக் காசும் வேண்டாம்."

ஓரமாக நின்று தண்ணீர்ப் பம்புக்குப் பெல்ற் பார்த்துக்கொண்டிருந்த வீரகத்திக்கு அந்தக் கடைசிச் சொல் பொறுக்கவில்லை.

தர்மபுரத்தில் இருவரும் ஒரே வாய்க்காலில் வயல் செய்தவர்கள். ஒரு சிறுபோகம், நெல் இன்னும் கதிர் தள்ளாமல் குடலையாக நின்ற நேரம், வீரகத்தியின் பக்கம் போன தண்ணீரை மறித்தவர் கனகலிங்கம். வயல் அப்படியே கருகியது. பிறகு கனகலிங்கம் எல்லாவற்றையும் விற்றுப் பூநகரிக்குப் போய்விட்டார். அங்கே எப்படி இருக்கிறார் என்று வீரகத்தி ஒருவரிடமும் விசாரித்ததில்லை. வாய்க்காலை மட்டும் மறக்கவில்லை.

"பைறூஸ் தம்பி," என்றார். "அந்தக் கைக்கு ஒரு குறையும் இல்லை. அதாலைதான் மண் வெட்டிப் போட்டு என்ரை தண்ணியை மறிச்சவர். எடுக்கச் சொல்லிப் பாரும்."

பைறூஸ் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். வீரகத்தி சிரிக்கவில்லை.

"ஐயா, கை இருக்கோ?"

கனகலிங்கம் அப்போதுதான் வீரகத்தியைக் கண்டார்.

"இருக்குத் தம்பி. ஆனா..."

"எடுங்கோ பாப்பம்."

மெதுவாக எடுத்தார். ஐந்து விரலும் இருந்தன.

பைறூஸின் முகம் மாறிவிட்டது. "என்ரை வாப்பாவுக்கு ஒரு கால் இல்லை. மிதிவெடியிலை போனது. அவர் ஒருநாளும் அதைக் காட்டி ஒருத்தரிட்டையும் ஒண்டும் வாங்கினதில்லை. நீங்கள் போங்கோ."

"தம்பி, நான் சொல்லுறதை ஒருக்கா..."

"போங்கோ எண்டனான்."

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். கனகலிங்கம் கையிலிருந்த கொலட் சக்கைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

"தண்ணியை மறிச்ச அண்டைக்கும் ஒண்டும் தெரியாத மாதிரி இதே நடிப்புத்தான்" என்று சொல்லிக்கொண்டு, பெல்றைச் சைக்கிளில் கொழுவ வீரகத்தியும் வெளியே வந்தார்.

பஸ் நிற்கும் இடத்தில் கனகலிங்கம் முதுகைக் காட்டியபடி போனில் கதைத்துக்கொண்டிருந்தார்.

"ஓம் கோகுலன். நீ சொன்ன மாதிரி ஒரு கையைப் பைக்குள்ளை வைச்சுக்கொண்டுதான் எல்லாத்தையும் பூட்டிப் பார்த்தனான்... இல்லை மகன், ஒரு கைக்காரர் பூட்டுற சாமான் முடிஞ்சுதாம்... கடைக்காரன் நல்ல பெடியன், உனக்கெண்டு எடுத்துத் தாறன் எண்டவன்... திங்கக்கிழமை வாற ஆக்களோடை நான் கதைக்கிறன். அழாதை ராசா. நெல்லுச் சூடடிக்கிற மெசினிலை உன்ரை கை போன அண்டைக்கும் நீ அழேல்லை."

பின்னால் பெல்றைக் கொழுவிக்கொண்டிருந்த வீரகத்திக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

பூநகரி பஸ் வந்து நின்றது. கனகலிங்கம் ஏறினார்.

பைறூஸ் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தான். ஒட்டிக் கொடுக்க எடுத்த ஸ்பனர் இன்னும் அவன் கையில் இருந்தது. மனம் கேட்கவில்லை போலிருந்தது.

"என்னவாம் ஐயா? போனிலை என்ன சொல்லிக்கொண்டு நிண்டவர்?"

பஸ் இன்னும் புறப்படவில்லை.

"ஒண்டுமில்லைத் தம்பி," என்றார் வீரகத்தி. "உம்மைத்தான் திட்டினவர்."