அடிக்கக் கூடாத நாடி

தருமனின் மணிக்கட்டில் நாடி திம் திம்மென்று அடித்தது. பிடித்துப் பார்த்த கீர்த்தனா நம்பாமல் விரலை நகர்த்தி மறுபடியும் பிடித்துப் பார்த்தாள்.

இதயத்தில் பம்பு வைத்தவர்களுக்கு நாடி பெரும்பாலும் கைக்குத் தட்டுப்படாது என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். மோட்டார் போட்டுவிட்டால் குழாயில் தண்ணீர் ஒரே சீராக வருமே, அந்த மாதிரி பம்பு, உடம்போடு மாட்டிய பையில் இருக்கும் பேட்டரியில் ஓடி, ரத்தத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதில் விட்டு விட்டு அடிப்பதற்கு என்ன இருக்கிறது?

அவள் வேலைக்குச் சேர்ந்து இது நாலாவது நாள். அவளுக்கு வேலை பழக்கும் சீனியர் திருமலை பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸோடு மாட்டிக்கொண்டார். சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நோயாளியின் ஃபைல் அவர் பூட்டி வைத்த மேசைக்குள் இருந்தது. இதய நோயாளிகளுக்கான அந்த உடற்பயிற்சி அறையில் அவளை விட்டால் வேறு ஆள் கிடையாது.

ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான், குடும்பக் காப்பீட்டு அட்டையில் முதலில் இருந்த பெயரைப் பார்த்து, "தருமன்!" என்று கூப்பிட்டிருந்தாள். தோளில் கறுப்புப் பையோடு அவர் எழுந்து வந்தார். கல் உடைத்துக் காய்த்துப் போன கை. பின்னாலேயே அவர் மனைவி தங்கம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மெதுவாக வந்தாள்.

"உக்காருங்க ஐயா. பம்பு வெச்சு எத்தினி மாசம் ஆச்சு?"

"ஆறு மாசம்மா. மெட்ராஸ்ல வெச்சாங்க."

"பேட்டரி யாரு மாத்துறது?"

"நான்தாம்மா. ஒண்ணை மாத்தி மாட்டிட்டுதான் இன்னொண்ணைத் தொடணும். ரெண்டையும் ஒண்ணா கழட்டினா உசுரு போயிடும்னு சொல்லிட்டாங்க. அந்தப் பயத்துல எனக்குத் தூக்கமே கம்மி."

"உங்க ஊர்ல கரண்டு போனா?"

தங்கம்மாள் சிரித்தாள். "கரண்டு போனா பம்புக்கு ஒண்ணும் ஆவாதும்மா, பேட்டரில ஓடும். இந்த மனுசன்தான் மயங்கி விழுவாரு."

"சரிம்மா, நீங்க உங்க பையை அந்த பெஞ்சு மேல வெச்சுட்டு உக்காருங்க."

தங்கம்மாள் முந்தானைக்குள் இருந்த பையை அணைத்துக்கொண்டாள். "இது என் கூடவே இருக்கட்டும்மா."

அதற்கப்புறம்தான் கீர்த்தனா தருமனின் கையைப் பிடித்தாள். இப்போது அந்தக் கையை விடாமலே திருமலைக்கு போன் போட்டாள்.

"சார், பம்பு வெச்சவருக்கு நாடி அடிக்குது சார்! நல்லா அடிக்குது!"

"பதறாத. ஸ்டெத்து வெச்சுக் கேளு. பம்பு ஓடுற சத்தம், ஙொய்னு ஒரே மாதிரி வரும்."

சட்டை மேலேயே வைத்துக் கேட்டாள். லப் டப், லப் டப். வேறு சத்தமே இல்லை.

"வரலை சார்!"

"பையைத் தொற. பம்பை ஓட்டுற பெட்டியில பச்சை லைட்டு எரியுதா பாரு."

கறுப்புப் பையின் ஜிப்பை இழுத்தாள். பேட்டரி இரண்டு, பக்கத்தில் சின்னப் பெட்டி. பெட்டியில் ஒரு லைட்டு கூட எரியவில்லை.

"சார், பம்பு நின்னுடுச்சு சார்!" என்று கத்தினாள். அந்தப் பக்கம் கூட்டத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் அறுந்துபோனது.

தருமனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "என்னாம்மா சொல்ற? நின்னுடுச்சா?"

திரும்பி மனைவியைப் பார்த்தார். "தங்கம்மா..." என்றார். அவ்வளவுதான், நாற்காலியிலிருந்து அப்படியே தரையில் சரிந்தார்.

"ஐயா! ஐயா!" கீர்த்தனா மண்டியிட்டாள். நாலே நாளில் தன் கண்ணெதிரே ஓர் உயிர் போகிறது. என்ன செய்வதென்று தெரியாமல், இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து அவர் மார்பில் அழுத்தப் போனாள்.

"அம்மாடி, அமுக்காத. நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு."

"தள்ளி நில்லுங்கம்மா! உசுரு போயினு இருக்குது!"

தங்கம்மாள் தள்ளி நிற்கவில்லை. மூச்சு வாங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். கீர்த்தனாவின் விரல்களைப் பிடித்து இழுத்துத் தன் மணிக்கட்டில் வைத்துக்கொண்டாள்.

கீர்த்தனா அழுத்திப் பார்த்தாள். இடம் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தாள். அங்கே எதுவும் அடிக்கவில்லை.

"அது ஸ்பேர் பைம்மா. பம்பு எனக்கு."