பத்து நிமிடக் கஞ்சி

"அரைக் கிலோகூட இல்ல மாமா. நாலு சுள்ளி போதும், பத்து நிமிசத்துல கஞ்சி ரெடி!" சதாம் மடக்கு அடுப்பை விரித்தான்.

நாற்பது வருஷமாக ஒரு நோன்புகூட விடாதவர் மாமனார் ஜெய்லானி. மருமகன் ஆசைக்காக, பல்லில் தண்ணீர் படாமல் மேகமலைக்கு ஏறி வந்து கூடாரத்து வாசலில் சுருண்டிருந்தார்.

"மணி என்னாச்சு மாப்ள?"

"அடுப்பைப் படம் எடுத்ததுல சார்ஜ் தீந்து போன் அணைஞ்சிருச்சு மாமா."

"அப்ப பொழுது மறைஞ்சது தெரியாம எப்படி நோன்பு திறக்குறது? இங்கன பள்ளிவாசல் பாங்கும் கேக்காதே!"

அடுப்பு சொன்னபடி பத்தே நிமிடத்தில் கஞ்சியைக் காய்ச்சிவிட்டது. அதுதான் வினை. கஞ்சி மணந்தது. காடும் இருட்டிவிட்டது.

"உங்க மூஞ்சியே தெரியல மாமா. கீழ கம்பம் ஊருல எல்லாரும் இந்நேரம் நோன்பு திறந்திருப்பாக. குடிங்க."

ஜெய்லானி தயங்கினார். பிறகு பிஸ்மி சொல்லி, ஒரே மூச்சில் ஒரு கிண்ணம் குடித்தார்.

"நல்ல அடுப்புதான் மாப்ள. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

இரண்டாவது கிண்ணத்தை வாயில் வைத்தபோது காற்று வீசியது. மலையை மூடியிருந்த மேகம் விலகியது.

கஞ்சியின் மேல் பளீரென்று வெயில் அடித்தது.

வாயிலிருந்ததை விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல், ஜெய்லானி மருமகனைப் பார்த்தார்.