கிளட்ச் கோளாறு

"இந்தத் தடவை மழுப்பாம சொல்லு தம்பி. இதுக்கு உயிர் இருக்கா, இல்லையா?"

வேனின் பானெட்டைத் தட்டியபடி கேட்டார் அவர். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டான். பக்கத்தில் அவருடைய மனைவி, மகளின் சக்கர நாற்காலியைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

ஓடி ஓடித் தேய்ந்த வேன் அது. கிலோமீட்டர் காட்டும் மீட்டர், போதுமடா சாமி என்று எப்போதோ நின்றுவிட்டது. பக்கக் கதவை ஓர் உதை விட்டால்தான் திறக்கும். காலையில் அது ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்கும்வரை அவளுக்குக் காபி தொண்டையில் இறங்காது. ஆனால் அந்த வீட்டில் யார் எங்கே போவதானாலும் அதை விட்டால் கதியில்லை. நடக்க முடியாத மகளைச் சக்கர நாற்காலியோடு ஏற்றுவதற்காக நடு சீட்டைக் கழற்றிவிட்டு, பின்பக்கம் ஒரு பலகையைச் சரிவாகப் பொருத்தியிருந்தார் அவர். அந்த நாற்காலியைக் கண்டால் பஸ்காரர்கள் பார்க்காத மாதிரி போய்விடுவார்கள். மகளுக்கோ கல்லூரியில் கடைசி வருஷம். வேன் படுத்தால் படிப்பும் படுத்துவிடும். வேறு வண்டி வாங்குகிற பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. எடுத்து என்ன ஆகப்போகிறது? அவரை விட்டால் ஓட்டவும் ஆளில்லை. அவள் சைக்கிள்கூட விட்டதில்லை.

ஆறேழு மாசமாகத்தான் வேனுக்குப் பேய் பிடித்திருந்தது. முதலில் கிளட்ச். கல்லை மிதிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். மாற்றினார்கள். மறு வாரமே பழையபடி கல். அப்புறம் கியர் விழவில்லை என்றார். அதையும் பிரித்துப் பூட்டினார்கள். அடுத்ததாக ஸ்டீயரிங் கனக்கிறதாம். முழங்காலின் மேல் கையை ஊன்றித் தள்ளித்தான் அவரால் கிளட்சை அமுக்க முடிந்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் வேனை வாய்க்கு வந்தபடி திட்டுவாள். ஒரு மனுஷன் உயிரை இப்படியா வாங்கும் ஒரு வண்டி?

நேற்று அது எல்லை மீறிவிட்டது. கல்லூரி வாசலில் நிறுத்தப் போன வேன், நிற்காமல் ஒரு தாவு தாவித் தூணில் மோதி அணைந்தது. மகளின் நாற்காலி உருண்டுவந்து முன் சீட்டில் இடித்தது. நெற்றியில் வீக்கம், நல்லவேளையாக அவ்வளவோடு போயிற்று. அவர் இறங்கி பானெட்டை ஓங்கி ஓர் அறை அறைந்தார். பிறகு ஓரமாகப் போய் நின்று அழுதார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. ராத்திரி முழுக்க அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

"நீயே ஓட்டிப் பாரு தம்பி. இவளையும் கூட்டிட்டுப் போ, எங்கெங்க மக்கர் பண்ணுதுன்னு இவளுக்குத் தெரியும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு, மகளுக்குத் துணையாகப் பட்டறையிலேயே பழைய டயர்களின் மேல் உட்கார்ந்துகொண்டார் அவர்.

மெக்கானிக் சாதாரணமாக வாயை மூடுகிற ஆளில்லை. ஒரு போல்ட்டைக் கழற்றுவதற்குள் ஒன்பது கதை சொல்வான். இன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. மேம்பாலத்து ஏற்றத்தில் பாதியில் நிறுத்தினான், மறுபடி எடுத்தான். கடைத்தெரு நெரிசலில் ஊர்ந்தான். காலியாகக் கிடந்த ரோட்டில் விரட்டிச் சட்டென்று பிரேக் போட்டான். ஒவ்வொரு தடவையும் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். போச்சு, காயலான் கடைக்குப் போடுங்கள் என்று இதோ சொல்லப்போகிறான். மகளிடம் எப்படிச் சொல்வது? அந்தப் பெண் இனி நாலு சுவருக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதானா?

"எதை வேணா மாத்து தம்பி. ஒண்ணும் செய்ய முடியாதுன்னு மட்டும் சொல்லிடாத" என்றாள்.

பட்டறைக்கு ஒரு தெரு முன்னாலேயே அவன் வண்டியை ஓரங்கட்டினான்.

"மாத்தறதுக்கு ஒண்ணுமே இல்ல அண்ணி. கிளட்ச் பஞ்சு மாதிரி இருக்கு. கியர் சொன்ன பேச்சு கேக்குது. இது இன்னும் நாலஞ்சு வருஷம் தாராளமா ஓடும்."

போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது. "அப்புறம் ஏன் அவருக்கு மட்டும்..." என்று சிரித்தபடி ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திவிட்டாள்.

அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. "அண்ணனை ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க அண்ணி. இடது காலை இழுத்து இழுத்து நடக்கறாரு. போன தடவையே பாத்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்துட்டேன்."

அவர்கள் திரும்பி வந்தபோது, மகளின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பட்டறை வாசலில் நின்றிருந்தார் அவர். அவள் இறங்குவதற்குள்ளேயே, "என்ன சொல்றான்?" என்று கேட்டார்.

அவள் மகளைப் பார்த்தாள். நெற்றி வீக்கம் இன்னும் வடியவில்லை. பிறகு அவரைப் பார்த்தாள்.

"வண்டி முடிஞ்சுபோச்சாம்ங்க. இனிமே அதை ஓட்டவே கூடாதாம்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவரோ, பல மாசமாக அடக்கிவைத்திருந்த மூச்சை மெல்ல விட்டார்.

"பாத்தியா? கோளாறு வண்டியிலதான்னு நான் சொன்னேன்ல?"