பூவிழி மேடு

வீட்டு வாசலில் ஒரு வேகத்தடை போடச் சொல்லி கஸ்தூரி மாநகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். “ஆக்சிடென்ட் ஏதாவது ஆயிருக்காம்மா?” என்று ஒவ்வொரு தடவையும் பொறியாளர் கேட்பார். “இல்ல சார்” என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவாள். ஒருநாள் பள்ளி வேனிலிருந்து இறங்கிய அவள் மகள் பூவிழியைத் தண்ணீர் லாரி அடித்துப்போட்டது. தெருவே மறியலில் உட்கார்ந்தது. பிள்ளையின் காரியம் முடிவதற்குள் தாரைக் கொட்டி மேடு போட்டு, வெள்ளைக் கோடும் இழுத்துவிட்டார்கள்.

இப்போது எல்லா வண்டியும் அவள் வாசலில் தயங்கி, ஏறி இறங்கித்தான் போகிறது. “பூவிழி மேடு யாராச்சும் எறங்கறீங்களா?” என்று ஷேர் ஆட்டோக்காரர் குரல் கொடுப்பார். அந்தப் பேர் காதில் விழுந்தால் கஸ்தூரி போட்டது போட்டபடி வாசலுக்கு வந்துவிடுவாள்.

அப்படி வந்து நின்றபோதுதான் அந்தப் பெண் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். பக்கத்துத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவள். இடுப்பில் குழந்தை.

“எங்க தெருவுலயும் வண்டிங்க கண்ணு மண்ணு தெரியாம பறக்குதுக்கா. ஆபீஸ்ல போய்க் கேட்டா, ஆக்சிடென்ட் ஆயிருக்கான்னு கேக்கறாங்க. உங்களுக்கு மட்டும் எப்படிக்கா போட்டாங்க? யாரைப் புடிச்சீங்க?”

குழந்தை எட்டி, கஸ்தூரியின் வளையலைப் பிடித்து இழுத்தது. அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

“ஆயிருக்குன்னு சொல்லும்மா” என்றாள். “பேரு பூவிழி. ஏழு வயசு. உங்க தெருவுலதான்னு சொல்லு.”