எழுபது பர்சென்ட்

“நான் அந்த பிளக்கைத் தொடவே இல்ல மாமா…”

“தொடாம அதுவா கழண்டு கெடக்குதா? சார்ஜ் எழுபதுதான் காட்டுது, பாரு! சட்னி அரைக்க மிக்சி போட்டிருப்ப…”

“இன்னிக்குச் சட்னியே இல்ல. நேத்து மீன் கொழம்புதான் டப்பால இருக்கு. மோந்து பாருங்க!”

சுரேந்தர் மோந்து பார்க்கவில்லை. குனிந்து, புது வண்டியின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். அவன் மனைவி ப்ரீத்தி சார்ஜரைச் சுருட்டித் துணிப்பையில் வைத்தாள். சண்டை அது பாட்டுக்கு நடந்தது, கைகள் அவை பாட்டுக்கு வேலை செய்தன.

எலெக்ட்ரிக் பைக் ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது. தேவனாம்பட்டினத்திலிருந்து அண்ணாமலை நகர் லேபுக்கு எட்டு மணிக்குள் வேலைக்குப் போக வேண்டும். சார்ஜ் நூறு இருந்தால் போய்ச் சேரலாம். திரும்பி வர அங்கே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். ஆனால் திங்களும் செவ்வாயும் வண்டி பாதி வழி தாண்டி முட்லூரிலேயே படுத்துவிட்டது. தள்ளிக்கொண்டு போனவனிடம், “இன்னொரு நாள் லேட்டுன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டார் முதலாளி.

“மூணு மணிக்குப் பாப்பாவுக்குப் பால் கலக்க எழுந்தேன். பச்சை லைட் எரிஞ்சுது. ஃபுல்லு!”

“தூக்கத்துல எதைப் பாத்தியோ.”

“ஆமா, சார்ஜரைக் கனவுல பாக்கறேன். வேற வேலை இல்ல எனக்கு.”

“என் வேலையும் போச்சுன்னா தெரியும். நானும் அப்பா மாதிரி வலை இழுக்கத்தான் போவணும்.”

“பஸ்ல போங்களேன் மாமா.”

“இனிமே பஸ் புடிச்சா எட்டரை.”

ப்ரீத்தி மழைக்கோட்டை சீட்டுக்கு அடியில் திணித்தாள்.

அப்போது தெருமுனை டீக்கடையிலிருந்து வந்தார் சுரேந்தரின் அப்பா பச்சமுத்து. நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். முட்டி வலி வந்து, போன தையோடுதான் போட் வேலையை விட்டார்.

“விடிஞ்சும் விடியாம என்னடா சத்தம்?”

“வண்டி இன்னிக்கும் வழியில நின்னுடும்போல இருக்குப்பா.”

“நிக்காதுடா!” பச்சமுத்து சீட்டைத் தட்டிக்கொடுத்தார். “எஞ்சினை ஓட்டிப் பாக்காம போட்டையே நான் கடல்ல எறக்கினது கெடையாது, பெத்த புள்ளைய அப்பிடி அனுப்பிடுவனா? வாங்கின மறுநாள்லேர்ந்து நாலு மணிக்கே வயரைக் கழட்டிட்டு, துறைமுகம் வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டுதான் கொண்டாந்து நிறுத்தறேன். ரெண்டு நாளா நின்னுடுச்சின்னு சொன்னியே, அதான் இன்னிக்கு இன்னொரு நடை ஜாஸ்தியாவே போய்ட்டு வந்தேன். கொஞ்சம்கூட மக்கர் பண்ணல, தைரியமா கெளம்பு!”