விருந்தாளிக்கு ஒரு ஓட்டை

“விருந்தாளி வந்தாச்சா?” என்று கேட்டுக்கொண்டே துறைத் தலைவர் லியாவ் பபிள் டீயும் கையுமாக வந்து நின்றார்.

“காலையிலேர்ந்து கதவைத் தட்டிக்கிட்டே இருக்கார் சார்,” என்றாள் யாயுன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கதவு என்பது தைவானின் தைச்சுங் நகரில் இருந்த அந்தச் சைக்கிள் சீட் கம்பெனியின் லினக்ஸ் சர்வர். தைபேயில் இருக்கும் ஷென் என்பவரை இன்றைக்கு இதற்காகவே அமர்த்தியிருந்தார்கள். திருடனைப் போல வெளியிலிருந்து நுழையப் பார்க்க வேண்டும். எங்கே ஓட்டை என்று தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை எழுத வேண்டும்.

அறிக்கை நன்றாக வந்தால் ஒப்பந்த ஊழியரான யாயுனுக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் மூட்டை கட்டலாம். லியாவ் இதை அவளிடம் போன வாரமே சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டார்.

லியாவுக்கும் கம்ப்யூட்டர் பாதுகாப்பு தெரியும். ஒரு வார இறுதிப் பயிற்சிக்குப் போய், சான்றிதழ் வாங்கி, சட்டம் போட்டு நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தார். அதன் பிறகு அவருடைய விசிட்டிங் கார்டில் பெயரைவிடப் பட்டம் நீளமாகிவிட்டது.

“ஏதாவது பேரு, ஏதாவது பாஸ்வேர்டுன்னு போட்டுப் பாக்குறார் சார். மூணு தடவை தப்பானா நம்ம சர்வர் தானா தடுத்துடுது. உடனே வேற முகவரியிலேர்ந்து வர்றார்.”

“அப்போ அவருக்கு ஒண்ணுமே கிடைக்காதா?”

“கிடைக்காது சார்,” என்றாள் யாயுன். குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது.

லியாவின் முகம் தொங்கிப்போனது. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“யாயுன், உனக்கு வேலை தெரியுது, உலகம் தெரியல. அவர் வெறுங்கையோட திரும்பினா என்ன எழுதுவார்? ‘சோதனை போதவில்லை’ன்னு எழுதுவார். தலைமை அலுவலகம் இன்னும் பெரிய ஆளா அனுப்பும். அது தேவையா நமக்கு?”

சோதிக்க வருகிறவருக்கென்று சின்னக் குறை ஒன்றை எடுத்து வைத்திருப்பது அந்தக் கம்பெனியின் பழக்கம். தீயணைப்புத் துறை வந்தால் மாடிப்படியில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். சுகாதார ஆய்வாளர் வந்தால் கேன்டீனில் ஒருத்தர் தொப்பி போடாமல் நிற்பார். வந்தவர் அதைக் கண்டுபிடித்து, கண்டித்து, மனம் குளிர்ந்து போய்விடுவார்.

“ஒரு கணக்கு திற. பேரு டெஸ்ட், பாஸ்வேர்டும் டெஸ்ட். பாவம், எவ்வளவு நேரம் வெயில்ல நிப்பார்.”

யாயுன் விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். “சரி சார். கேன்டீன் மெனு இருக்கற பழைய மிஷின்ல திறந்து விடறேன்.”

“விருந்தாளியைச் சமையலறை முக்காலியிலயா உட்கார வைப்ப? டிசைன் மிஷின்லயே திற. கண்டுபிடிச்சா ஒரு கௌரவம் வேண்டாமா அவருக்கு?”

“அதுல அடுத்த வருஷத்துச் சீட் டிசைன் மொத்தமும் இருக்கு சார்.”

“அவர் என்ன சைக்கிளா செய்யப் போறார்? நான் சான்றிதழ் வாங்கினவன், சொல்றேன். உனக்கு வேலை நிரந்தரம் ஆகணுமா, வேண்டாமா?”

ஆகணும். யாயுன் திறந்தாள்.

டீயின் அடியில் கிடந்த ஜவ்வரிசி உருண்டைகளை லியாவ் உறிஞ்சி முடிப்பதற்குள் திரையில் புதிதாக ஒரு வரி விழுந்தது.

“உள்ள வந்துட்டார்,” என்றாள் யாயுன்.

“பாத்தியா?” லியாவ் பிரசவ அறை வாசலில் நின்ற தகப்பனைப் போல மலர்ந்தார். அடுத்த அறையிலிருந்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். “தைபே ஆளுன்னா தைபே ஆளுதான். என்ன வேகம்.”

யாயுன் முகத்தைச் சுளித்தாள். “சார், அந்தக் கணக்கோட பாஸ்வேர்டை மாத்திட்டார். இனிமே வேற யாரும் அந்த வழியா வர முடியாது.”

“அதான் பண்பு. வந்த கதவைச் சாத்திட்டு உட்கார்றார். நம்ம ஆளுங்க குளிர்சாதன அறைக் கதவைக்கூடச் சாத்த மாட்டாங்க.”

“போன் பண்ணி ஏதாவது வேணுமான்னு விசாரிக்கலாமா சார்?”

“பரீட்சை நடக்கும்போது வாத்தியார்கிட்ட பேசுவாங்களா? மார்க்குக்கு அலையறோம்னு நினைப்பார். நிம்மதியா வேலை பாக்கட்டும் விடு.”

பிற்பகல் முழுக்க விருந்தாளி உள்ளேயே இருந்தார். லியாவ் எல்லோருக்கும் டீ வரவழைத்தார். யாயுனின் பணி நிரந்தரக் கடிதத்தில் எந்தப் பேனாவால் கையெழுத்துப் போடுவது என்றுகூட அவளிடமே யோசனை கேட்டார். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

அலுவலகம் முடிகிற நேரத்தில் லியாவின் கைபேசி ஒலித்தது. ஷென். பாராட்டை எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு, கைபேசியை மேசை நடுவில் வைத்தார்.

“வாங்க ஷென் சார். நம்ம உபசரிப்பெல்லாம் எப்படி?”



“மன்னிச்சுக்கணும் லியாவ் சார், குழந்தைக்குக் காய்ச்சல், காலையிலேர்ந்து ஆஸ்பத்திரியிலயே இருந்துட்டேன்,” என்றார் ஷென். “நாளைக்கு ஆரம்பிக்கட்டுமா?”